குளிர் குடித்த பெட்ரோல்

போன மார்கழியில் கள்ளக்குறிச்சி கார் ஸ்டாண்டில் நான் தேவையில்லாமல் ஒருவன் மேல் எரிந்து விழுந்தேன். ஓய்வு பெற்ற கிழவனுக்குக் காலையில் அங்கே ஒரு டீ, ஒரு பேப்பர். அன்று வாடகைக் கார் ஓட்டுகிற சதீஷ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஐப்பசி வரை நன்றாகக் கொடுத்த வண்டிக்கு இந்த மாதம் மைலேஜ் குறைந்துவிட்டது, பெட்ரோலை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறாய் என்று ஓனர் போனில் கேட்டாராம்.

"குளிர் நாளுன்னா கம்மியாத்தான் வருது. வண்டி மீட்டர்லியே காட்டுது. சொன்னா நம்பமாட்டேங்குறாரு" என்றான்.

பக்கத்தில் இருந்த இன்னொரு டிரைவர் சிரித்தான். "எப்படிடா நம்புவாரு? குளிரா வந்து பெட்ரோல் குடிக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. "வாயை மூடுய்யா! தெரியாத விஷயத்துல என்ன இளிப்பு?" என்று கத்திவிட்டேன். டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவருக்கு இன்னா ஆச்சு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். குளிரா குடிக்குது என்ற கேள்வி என் காதில் முதலில் விழுந்தபோது சிரித்த அந்த டிரைவரின் அப்பனுக்கே மீசை முளைத்திருக்காது. அன்று சொல்லாமல் எழுந்து வந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் அரசு சுகாதாரத் துறையில் ஜீப் ஓட்டியவன். பேர் தணிகாசலம். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் உழுத குடும்பம். எனக்கும் மண்வெட்டிக்கும் ஒத்துவரவில்லை. கரும்பு லாரியில் கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, உதை வாங்கி, லைசென்ஸ் எடுத்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்துக் கிடந்து, கடைசியில் கவர்ன்மென்ட் வேலை. ஊரில் எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். போஸ்டிங் கல்வராயன் மலையில் என்றதும் அதே விரலை எடுத்துவிட்டார்கள். மலைக்கு அனுப்புவதென்றால் அந்தக் காலத்தில் தண்டனை மாதிரி.

கரியாலூருக்கு மேலே ஒரு சின்ன சுகாதார நிலையம். ஓட்டுக் கட்டடம், ஒரு டாக்டர், ரெஜினா என்று ஒரு நர்ஸ், ஒரு ஜீப். டாக்டர் பாதி நாள் கீழே மீட்டிங்கில் இருப்பார். ரெஜினா எந்நாளும் மேலே இருப்பார். திருச்சிப் பக்கத்துக்காரர். மலை ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்ப் பிரசவம் பார்த்தவர். ஜீப் போகிற வழி இருந்தால் ஜீப், இல்லாவிட்டால் நடை.

அது பெட்ரோல் ஜீப். டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் முள் செத்துப்போனதால் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, வேப்பங்குச்சியை விட்டு நனைந்த அளவைப் பார்க்க வேண்டும். எல்லா டிரைவர்களும் அப்படித்தான் பார்த்தோம். இஞ்சின் சூடு காட்டுகிற முள்ளும் குளிர்காலம் முழுக்க அடியிலேயே படுத்துக்கிடக்கும். அதுவும் செத்தது என்றுதான் நினைத்தேன்.

மலையில் கார்த்திகை பிறந்தால் ஜீப்பைக் கிளப்புவது ஒரு பெரிய வேலை. முதல் நாள் சாயங்காலமே பானட் மேல் சாக்கைப் போட்டு மூட வேண்டும். காலையில் பேட்டரி முனகும், இஞ்சின் சுற்றாது. முன்னால் போய் ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். ஆயில் அல்வா மாதிரி கட்டிக்கிடப்பதால் தோள்பட்டை கழன்றுவிடும். பிறகு சோக். காற்றை அடைத்து இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற கம்பிக்கு அந்தப் பேர். அதை இழுத்துவிட்டால்தான் பிடிக்கும். பிடித்துச் சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்பது விதி. என் வண்டியில் தள்ளினால் இருமி நின்றுவிடும். வெயில் உச்சிக்கு வரும்வரை அந்தக் கம்பி பாதி வெளியே நீட்டிக்கொண்டேதான் இருக்கும். வழியில் எங்கேயாவது நிறுத்தினாலும் இஞ்சினை அணைக்க மாட்டோம். அணைத்தால் மறுபடி ஹேண்டில். யார் சுற்றுவது? பெட்ரோல் போனால் போகிறது என்று ஓடவிட்டே வைத்திருப்போம்.

அப்படியிருந்தால் பெட்ரோல் எப்படி நிற்கும்? கோடையில் ஒரு தடவை நிரப்பினால் வருகிற தூரம் மார்கழியில் வராது. தை பிறந்தும் வராது. இதை நான் கீழே அலுவலகத்தில் சொன்னபோதுதான், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா எழுத்தை நிறுத்தாமல் கேட்டார். "குளிரா குடிக்குது?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். கவர்ன்மென்ட் டிரைவர் என்றால் பெட்ரோல் விற்பான் என்பது அன்றைக்கு ஊர் முடிவு. விற்றவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல நான் யார்? நான் விற்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வண்டியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிப் பணிமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஃபோர்மேன் சபாபதி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கிளீனருக்கும் "வாங்க, போங்க"தான். டிரைவர்கள் வாங்கித் தருகிற டீயைத் தொடமாட்டார். தன் டீயைத் தானே போய்க் குடித்துவிட்டு வருவார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறக்கும்போது நோய் தெரிந்திருக்கும். என் முதல் கோடையில் மலை ஏறும்போதெல்லாம் ரேடியேட்டர் கொதித்து, பானட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி அடிக்கும். எல்லா ஜீப்புக்கும் அதே கதி. இவர்தான் வண்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே வாங்கி ஏதோ பண்ணித் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒன்றும் கொதிக்கவில்லை. ஃபோர்மேன் கைராசிக்காரர் என்று நாங்கள் அவரைக் கும்பிடாத குறை.

அவர் சோதனை போடுகிற விதமே தனி. டேங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி அடைத்துவிடுவார். அளவு கோடு போட்ட கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலை ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கோட்டுக்கு மேலே நிற்கிற சொட்டை வடித்துவிடுவார். புட்டியை டாஷ்போர்டு ஓரத்தில் தொங்கவிட்டு, ரப்பர் குழாயை இஞ்சினுக்குக் கொடுப்பார். நான்கு டயரிலும் காற்று பார்ப்பார். இஞ்சினைச் சூடாக்கிவிட்டு, உளுந்தூர்பேட்டை போகும் சமதள ரோட்டில் ஒரே கியரில், ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்வார். புட்டி காலியாகி இஞ்சின் செத்து வண்டி நிற்கிற இடத்தில் இறங்கித் தூரத்தைக் குறித்துக்கொள்வார். காற்று ஒரு பக்கம் சாதகமாக அடித்திருக்கும் என்று எதிர்த் திசையில் இன்னொரு புட்டி. இடையில் பேசினால், "பாதையைப் பாருங்க" என்பார்.

நல்ல வெயில். என் ஜீப் குதிரை மாதிரி ஓடியது. புட்டி எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"வண்டில கோளாறு இல்லீங்க" என்றார்.

"சார், இங்க இல்லாம காலைல மலைக்கு வந்து போட்டுப் பாருங்க. அங்க வேற மாதிரி குடிக்குது."

"மேடு ஏறினா ஜாஸ்தியாத்தான் குடிக்கும். அதுக்குத் தனியா சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கேன்."

"மேடு இல்லீங்க சார், குளிரு."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. கையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். "குளிர்ல கிளப்பறப்ப கொஞ்சம் ஜாஸ்தி குடிக்கும், ஒத்துக்கறேன். ஆனா இஞ்சின் சூடாகிட்டா அப்பால அதுக்குக் குளிரும் வெயிலும் ஒண்ணுதாங்க. கொஞ்ச தூரத்துல சூடாகிடும். நீங்க சொல்ற அளவுக்கு அது எப்படிக் குடிக்கும்?"

தெரியாதவன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அன்றிலிருந்து புட்டிக் கணக்குப்படிதான் பெட்ரோல். முன்பெல்லாம் பின்சீட்டுக்கு அடியில் அவசரத்துக்கு ஒரு கேன் நிறைத்து வைத்திருப்பேன். கணக்கு இறுகியதும் கேன் காலியாக உருண்டது. டாக்டர்கூட, "தணிகாசலம், இனிமேலாவது ஜாக்கிரதையா இருங்க" என்றார். வீட்டில் சொல்லவும் வெட்கம்.

இடஒதுக்கீட்டுக்காக வட மாவட்டமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பிள்ளைகளுக்கு உரிய பங்கைக் கொடு என்று கேட்டு ஜனங்கள் ரோட்டுக்கு வந்தார்கள். மறியல் என்றால் சும்மா உட்காருவது இல்லை. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்ப்பார்கள். ரோட்டை வெட்டிப் பள்ளம் தோண்டுவார்கள். பஸ் நிற்கும், கடை மூடும், பெட்ரோல் பங்கில் கயிறு கட்டிவிடுவார்கள். போலீஸ் வந்தால் ஊரில் ஆண்பிள்ளை இருக்கமாட்டான். என் தம்பியும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவர்கள் கேட்டது தப்பு என்று நான் நினைத்ததில்லை. நானே வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் நின்று கால் வீங்கினவன்.

அடுத்து வந்த மார்கழியில் மறியல் அறிவித்தபோது டாக்டர் கீழே மாட்டிக்கொண்டார். மேலே நானும் ரெஜினாவும்தான். டேங்கில் கடைசியாகக் கொடுத்த பெட்ரோல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காலை, எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. வெள்ளையன் ஓடி வந்தான். உள்மலையில் சாமை விதைக்கிற இளவட்டம். போன மாதம்தான் பெண்டாட்டி செம்பாயியைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்தான். இடுப்பில் கம்பளி.

"நர்ஸம்மா, நேத்திலேர்ந்து வலிச்சிக்கினே கெடக்குறா. புள்ள வரல. கை மட்டும் தெரியுதுன்னு கெழவிங்க சொல்றாங்க."

ரெஜினாவின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார். "குழந்தை குறுக்கே கிடக்கு. இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கள்ளக்குறிச்சில கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணாத்தான் தாயாவது தங்கும். பெட்ரோல் இருக்கா?"

சீட்டைத் தூக்கிக் குச்சியை விட்டேன். "ஃபோர்மேன் கணக்குப்படி போய்ச் சேரும், கொஞ்சம் மிஞ்சக்கூட மிஞ்சும்" என்றேன்.

"உங்க கணக்குப்படி?"

"சாமி விட்ட வழி."

ஹேண்டில் போட்டு, சோக்கை முழுக்க இழுத்து, கிளப்பினேன். கறுப்புப் புகையாக வந்தது. அவர்கள் ஊருக்குப் போகிற பாதை வண்டிப்பாதைதான். மூடுபனியில் முதல் கியரில் ஊர்ந்தேன். கடைசி மேட்டுக்குக் கீழே ஜீப் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து வீட்டுக்கு நடை. கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை காத்திருந்தேன். இஞ்சினை அணைக்கலாமா என்று சாவியில் கை வைத்தேன். அணைத்து, மறுபடி பிடிக்காவிட்டால்? கையை எடுத்துவிட்டேன். அது நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு குடித்தது.

செம்பாயியைப் பின்னால் கிடத்தினார்கள். சின்னப் பெண். உதட்டைக் கடித்துக்கொண்டு, கத்தாமல், ஜீப் குலுங்கும்போது மட்டும் "யம்மா" என்றாள். வெள்ளையன் அவள் தலையைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். ரெஜினா அவள் நாடியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. மலை இறக்கத்தில் இஞ்சினை அணைத்து உருட்டிவிடுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. அன்று துணியவில்லை. பனிக்குள் வளைவே தெரியவில்லை, ஆறிப்போனால் அடிவாரத்தில் படுத்துக்கொள்ளும்.

அடிவாரத்தில் முதல் மறியல். பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் கூட்டம், கையில் கொடி, அரிவாள். கவர்ன்மென்ட் ஜீப்பைப் பார்த்ததும் கல்லோடு ஓடி வந்தார்கள். நான் வண்டியை நிறுத்தினேன். தலையில் துண்டு கட்டிய ஒருத்தர் முன்னால் வந்து, "எங்கடா போய்க்கினு இருக்கீங்க? மறியல்னு தெரியாது?" என்றார்.

"பின்னால பாருங்க" என்றேன்.

எட்டிப் பார்த்தார். கையிலிருந்த கல்லைக் கீழே போட்டார். "டேய், கட்டைய இழுங்கடா! பொம்பள உசிருடா! ஏ முருகா, மோட்டார் சைக்கிள எடுத்துக்கினு முன்னால போ. வழில எவனும் தடுக்கக் கூடாதுன்னு சொல்லு!"

கயிறு போட்டு அந்த மரத்தை அவர்களே நகர்த்தினார்கள். முருகன் என்கிறவன் முன்னால் கத்திக்கொண்டே போனான். கச்சிராயபாளையத்திலும் வழிவிட்டார்கள். ஊர் தாண்டி ஒரு இடத்தில் பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டை வெட்டியிருந்தார்கள். பள்ளத்தை உடனே மூட முடியாது. கரும்புத் தோட்டத்து வண்டிப்பாதையில் இறக்கி, சுற்றிக்கொண்டு போகச் சொல்லி, சக்கரம் மாட்டின இடத்தில் அவர்களே தோள் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். மறியல்தான் அவளைக் கொல்லும் என்று மலையிலிருந்து பயந்துகொண்டு வந்தேன். மறியல்காரன் வழிவிட்டான்.

மறுபடி தார் ரோட்டில் ஏறியதும் இஞ்சின் ஒரு தடவை இருமியது. எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு இருமல். அப்புறம் சக்கரச் சத்தம் மட்டும். அதுவும் நின்றது.

"வந்துட்டமா?" என்று வெள்ளையன் கேட்டான்.

சீட்டைத் தூக்கிக் குச்சியை விட்டேன். உலர்ந்த குச்சியாகவே வந்தது. ரெஜினா என்னைப் பார்த்தார்.

"வந்துட்டமாங்க டிரைவரே?"

"பெட்ரோல் தீர்ந்துபோச்சு வெள்ளையா."

சொல்லிவிட்டு இறங்கி நான் தனியாகவே தள்ளத் தொடங்கினேன். பைத்தியக்கார வேலைதான். திரும்பி வந்த முருகன் அதைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தான். கழனியிலிருந்தும் மறியலிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒரு கூட்டம் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு ஓடியது. இன்னொரு பக்கம் முருகன் தன் மோட்டார் சைக்கிள் குழாயைப் பிடுங்கிச் சொம்பில் பெட்ரோல் பிடித்தான். பக்கத்து ஊரில் வீடு வீடாகப் போய் மொபெட்டிலிருந்தும் வடித்துக் கொண்டுவந்தார்கள். ஆயில் கலந்த பெட்ரோல், பரவாயில்லை என்று ஊற்றினேன். காய்ந்துபோன பம்பு சீக்கிரம் இழுக்கவில்லை. ஹேண்டில், மறுபடி ஹேண்டில். கை தோல் உரிந்தது. கடைசியில் பிடித்தது.

பிடித்தபோது பின்னால் "யம்மா" என்ற சத்தம் நின்று நேரமாகியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஓடிவந்த டாக்டரம்மா கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான். கொஞ்சம் முன்னால வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, வெள்ளையனைப் பார்த்து நிறுத்திவிட்டார். தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. ரெஜினா ஜீப்பின் பின்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வெள்ளையன் அழவில்லை. அவள் காலை மூடியிருந்த கம்பளியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தான்.

குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, அதற்கப்புறம் பேச்சு கிளம்பியது. மறியல்காரங்களே வழிவிட்டாங்க, டிரைவர் பெட்ரோலை வித்துத் தின்னுட்டான், அதான் பாதி வழியில நின்னுச்சு. கச்சிராயபாளையம் டீக்கடையில், சந்தையில், என் சொந்த ஊரில் எல்லா இடத்திலும் இதே பேச்சு. தண்ணிக் குழாயடியில் ஒருத்தி என் பெண்டாட்டியிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். "இன்னா இருந்தாலும் எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிடு" என்றாள் என்னிடம். நான் சாப்பிடாமல் எழுந்தேன். செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

மறியல் ஓய்ந்ததும் யாரும் கூப்பிடாமல் ஃபோர்மேன் சபாபதி மலைக்கு வந்தார். தலையில் மஃப்ளர், கையில் அந்தக் கண்ணாடிப் புட்டி. அன்றிரவு எங்கள் நிலையத்திலேயே படுத்தார். விடிந்ததும், "சாக்கை எடுங்க. நீங்க தினம் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க. எனக்காக எதையும் மாத்தாதீங்க" என்றார்.

ஓட்டினேன். கரியாலூர் பக்கம் கொஞ்சம் சமமாக இருக்கிற ரோட்டில்தான். கீழே ஓடியதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுமே புட்டி காலி. அவர் நம்பாமல் இன்னொரு புட்டி ஊற்றினார். அதுவும் அப்படியே. இறங்கிப் பானட்டைத் திறந்து இஞ்சின் மேல் வெறும் கையை வைத்தார். சூடான இஞ்சின் என்றால் சுட்டிருக்கும். அவர் கையை எடுக்கவே இல்லை.

"சூடே ஏறலியே" என்றார் தனக்குத்தானே.

செத்துவிட்டதாக நான் நினைத்த அந்தச் சூட்டு முள்ளைப் போய்ப் பார்த்தார். அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீர்க் குழாய் இஞ்சினோடு சேருகிற இடத்தில் இருந்த மூடியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. அப்படியே ரோட்டு ஓரத்துப் புல்லில், பனி ஈரத்தில், உட்கார்ந்துவிட்டார்.

"இங்க ஒரு வால்வு இருக்கணும் டிரைவரே. தெர்மோஸ்டாட். கோடைல வண்டிங்க கொதிக்குதுன்னு எல்லாத்துலியும் நான்தான் கழட்டி எறியச் சொன்னேன்."

எங்கள் பக்கத்துப் பட்டறை வழக்கம் அது. வெயில் ஊரில் அந்த வால்வு சிக்கிக்கொண்டால் வண்டி கொதிக்கும், அதனால் அதைக் கழற்றிவிட்டால் நிம்மதி என்று மெக்கானிக்குகள் எல்லோரும் செய்தார்கள். வெயில் நாட்டுக்கு அது சரியாகத்தான் பட்டது. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுத்து, சீக்கிரம் சூடேற வைப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் மலைக் குளிரில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், இஞ்சின் நாள் முழுக்க வெடவெடவென்றே கிடக்கும். சூடில்லாத இஞ்சினில் பெட்ரோல் ஆவியாகாமல் ஈரமாகவே உள்ளே போய், பாதி எரியாமல் புகையாக வெளியே வரும். அதனால்தான் சோக்கைத் தள்ள முடியவில்லை. ஆயில் கெட்டியாக இருந்து இஞ்சினையும் கியரையும் பிடித்து இழுக்கும். குளிரில் டயர் காற்றும் குறையும், சக்கரம் கனக்கும். இவ்வளவையும் அவர்தான் அன்று எனக்குச் சொன்னார். இன்றைய கார்களில் எல்லாம் தானாக நடக்கிறது, ஆனாலும் சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டினால் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுவதால் மார்கழியில் மைலேஜ் குறையத்தான் செய்யும். சதீஷின் ஓனர் இதைப் படித்தால் சரி.

ஃபோர்மேன் தன் தவறு என்று மேலே தெரிவித்துவிட்டார். எல்லா மலை ஜீப்புக்கும் வால்வு மறுபடி போட்டார்கள், குளிர்காலத்துக்குத் தனியாகப் பெட்ரோல் சேர்த்தார்கள். குமாஸ்தா என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. வெள்ளையன் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், அது ஒன்றுதான் மனசில் அரித்தது. ஃபோர்மேனிடம் சொன்னேன். "நானே வந்து சொல்றேங்க" என்றார்.

இரண்டு பேரும் போனோம். ஜீப்பை நிறுத்திவிட்டு மேட்டில் ஏறினால், களத்தில் வெள்ளையன் தனியாகச் சாமை அடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கழியைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை, உட்காரச் சொல்லி ஒரு கோணியை விரித்தான்.

ஃபோர்மேன் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு புது வால்வை எடுத்து அவன் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னார். குளிர், பெட்ரோல், தான் கழற்றச் சொன்னது, தன் கணக்கு, என்மேல் வந்த பழி, ஒன்றையும் விடவில்லை.

வெள்ளையன் அந்தப் பித்தளைச் சாமானை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இம்மாந்தூண்டா?" என்றான்.

"ஆமாங்க."

"இது இருந்திருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. வண்டி நின்னிருக்காது. அது மட்டும் தெரியும்."

அவன் என் பக்கம் திரும்பினான். "அப்ப நீங்க விக்கலியா?"

"மாரியாத்தா மேல சத்தியமா விக்கல வெள்ளையா."

அதை அவன் நம்பினான், முகத்தில் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனை மேடு ஏறி வந்திருந்தேன். அவன் வால்வை ஃபோர்மேன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழியை எடுத்துக்கொண்டான்.

"நீங்க வித்துட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தப்ப, தெனம் காலைல எழுந்து உங்கள வாய்க்கு வந்தபடி திட்டுவேன். திட்டினா கொஞ்சம் சோறு எறங்கும். இப்ப நீங்களும் இல்லன்னு ஆயிடுச்சி. இந்த ஐயாவும் நல்லதுன்னுதான் செஞ்சாரு. மரத்த வெட்டிப் போட்டவனே வழி வுட்டான்." எங்களைப் பார்க்காமல் சாமைக் கதிரைக் காலால் ஒதுக்கினான். "நான் யாரத் திட்டறதுங்க? குளிரையா?"

நாங்கள் இறங்கி வந்தோம். அன்று ஜீப்புக்கு ஃபோர்மேன்தான் ஹேண்டில் போட்டார்.